வண்டு விழுந்த 50 கிலோ கோதுமை: வீட்டில் செய்த சல்லடையும் டேபிள் ஃபேனும் போதுமா?

நொய்யல்கரை | பிப்ரவரி 23, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். போன மே மாதம் நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து மத்தியப் பிரதேசத்திலிருந்து சர்பதி கோதுமை வரவழைத்தோம். என் பங்கு 100 கிலோ, இரண்டு சாக்கு. முதல் சாக்கு தீபாவளியோடு தீர்ந்தது. இரண்டாவதை அக்டோபரில் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, மேலே நாலு கொத்து வேப்பிலை போட்டு மூடி வைத்தேன்.

இன்று மூடியைத் திறந்தால் புழுக்க வாடை. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். ஓரத்தில் சில்லென்று இருக்கிறது, நடுவில் வெதுவெதுப்பாகச் சுடுகிறது. கையை எடுத்தால் மணிக்கட்டு முழுக்க வெள்ளை மாவு, அதில் நாலைந்து வண்டு ஊர்கிறது. மில்லுக்குக் கொண்டுபோனேன். இந்த நிலையில் அரைத்தால் மில் முழுக்க வண்டு ஏறிவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

எங்கள் வீட்டில் புடைக்கத் தெரிந்தவர் அம்மா மட்டும். 68 வயது, வலது தோளைத் தூக்க முடியாது. என்னிடம் கேட்காமலே 3 கிலோ புடைத்துவிட்டு, ராத்திரி எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்தபிறகுதான் இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு பழைய டேபிள் ஃபேன், தார்பாய், கொஞ்சம் பலகை இருக்கிறது. மாடியில் இடம் இருக்கிறது. இவற்றை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

கொங்கு அடுப்படி | பிப்ரவரி 23, இரவு 10.15

தம்பி, முதலில் அம்மாவை முறத்தைத் தொடவிடாதீர்கள். 50 கிலோவெல்லாம் ஒரு ஆள் புடைக்கிற வேலை இல்லை. எங்கள் பாட்டி காலத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்வார்கள். ஒருத்தர் சலிப்பார், ஒருத்தர் புடைப்பார், ஒருத்தர் கொழிப்பார், சின்னப் பிள்ளைகள் கல் பொறுக்கும்.

புடைப்பது வேறு, கொழிப்பது வேறு. தூக்கிப்போட்டுப் பிடித்தால் பதரும் தூசியும் முன்பக்கம் பறக்கும், அது புடைத்தல். முறத்தைத் தூக்காமல் பக்கவாட்டில் அசைத்துச் சுழற்றினால் கல்லும் கோதுமையும் தனித்தனியாக ஒதுங்கும், அது கொழித்தல். ஃபேன் வைத்து நீங்கள் செய்யப்போவது தூற்றுகிற வேலை, அதாவது உயரத்திலிருந்து கொட்டிக் காற்றில் உமியைப் பறக்கவிடுவது. அதனால் கல் வேலை தனியாக மிச்சம் இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

நாளைக்கே வெயிலில் போடுங்கள். கருப்புத் தார்பாய் இருந்தால் நல்லது. ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினால் பத்து நிமிடத்தில் வண்டு தானாக ஓரத்துக்கு நடக்க ஆரம்பிக்கும். துடைப்பத்தோடு பக்கத்திலேயே நில்லுங்கள். வந்ததைக் கூட்டி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுங்கள். விட்டால் சுவர் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

லேத்துப்பட்டறை | பிப்ரவரி 24, காலை 6.20

செய்திருக்கிறேன். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தபோது முதலில் செய்தது இதுதான். சரிவுச் சல்லடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வேண்டாம், கைவலி இல்லை.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் மரச்சட்டம். இரண்டு பக்கமும் 3 அங்குல உயரத்துக்குப் பலகை. அடியில் ஸ்டீல் வலை. வலை வாங்கப் போனால் கடைக்காரர் "எத்தனை மெஷ்?" என்று கேட்பார். ஒரு அங்குலத்தில் எத்தனை கண் இருக்கிறது என்பதுதான் மெஷ். 8 மெஷ் கேளுங்கள். 25.4 மில்லிமீட்டரை 8 ஆல் வகுத்தால் 3.2 வரும். அதில் கம்பியின் கனம் 1.2 போனால் கண் 2 மில்லிமீட்டர். கோதுமையின் குறுக்களவு இரண்டரை முதல் மூன்றரை மில்லிமீட்டர், அதனால் கீழே விழாது. வண்டு ஒரு மில்லிமீட்டர் அகலம்தான், விழுந்துவிடும். கம்பி கனம் கேட்காமல் வாங்காதீர்கள். அதே 8 மெஷ்ஷில் மெல்லிசுக் கம்பி வலை கொடுத்தால் கண் இரண்டரையைத் தாண்டி, ஒல்லிக் கோதுமை எல்லாம் கீழே போய்விடும்.

சரிவு எவ்வளவு? கோதுமையைத் தரையில் கொட்டினால் குவியல் கிட்டத்தட்ட 25 முதல் 28 டிகிரி சாய்வில் நிற்கும். அதற்கு மேல் சாய்ந்தால்தான் ஓடும். வலை உராய்வு வேறு இருக்கிறது. நான் 35 வைத்தேன். 45 வைத்தால் சலிக்க நேரமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மேலே ஒரு பழைய எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அடியை வெட்டி, ஒரு சென்டிமீட்டர் வாய் விட்டு மாட்டுங்கள். கோதுமை ஒரு திரை மாதிரி மெல்லிசாக இறங்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மேலே போகிற கோதுமை வலையைத் தொடாமலே ஓடிவிடும். இந்த வாய்தான் முழு வேலையும்.

மாடிவெயில் | பிப்ரவரி 24, காலை 8.05

எனக்கும் இதே கதைதான், ஆனால் 8 கிலோ மட்டும். சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட், மாடிச் சாவி தர மாட்டார்கள். பால்கனியில் காலை ஒரு மணி நேரம் வெயில் வரும். சட்டம் அடிக்கவெல்லாம் இடம் இல்லை. என்ன செய்யலாம்?

தானியக்கிடங்கு | பிப்ரவரி 24, காலை 10.30

வேளாண்மை படித்து, தானியச் சேமிப்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கருவி பற்றிப் பேசுவதற்கு முன் நொய்யல்கரை ஒரு காரியம் செய்ய வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கிற, ஓட்டை இல்லாத கோதுமையாக 50 எண்ணி எடுத்து, பிளேடால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கால் இல்லாத புழு எத்தனையில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் வண்டுக்கு மூக்கு நீண்டிருந்தால் அது அரிசிக் கூன்வண்டு. பெட்டை அந்த மூக்கால் கோதுமையில் குழி தோண்டி, ஒரு முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் குழியை அடைத்துவிடும். வெளியே ஒன்றுமே தெரியாது. புழு, கூட்டுப்புழு எல்லாம் உள்ளேயேதான். நம் ஊர்ச் சூட்டில், 30 டிகிரி அளவில், முட்டை வைத்து வண்டாக வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு பெட்டை 300 முட்டை வரைக்கும் வைக்கும்.

அதனால் இன்றைக்கு எவ்வளவு நல்ல சல்லடையில் சலித்தாலும் வெளியே நடமாடுகிற வண்டு மட்டும்தான் போகும். மூன்று நான்கு வாரத்தில் உள்ளே இருப்பது வெளியே வரும். "சலித்துத்தானே வைத்தேன், மறுபடி எங்கிருந்து வந்தது" என்று எல்லோரும் கேட்பது இதனால்தான். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, கோதுமைக்குள்ளேயே இருந்தது.

அதற்காகச் சலிப்பது வீண் என்று சொல்லவில்லை. சிவப்பாக, தட்டையாக ஒரு மாவு வண்டு இருக்கும். அதற்கு முழுக் கோதுமையைத் துளைக்கத் தெரியாது, நொறுங்கலும் மாவும்தான் அதன் சாப்பாடு. தூசியை எடுத்துவிட்டால் அது பெருகாது. நடுவில் சூடு ஏறியது என்று எழுதியிருந்தீர்கள். வண்டும் புழுவும் மூச்சுவிடுகிற சூடுதான் அது. அந்தச் சூட்டோடு ஈரமும் வரும், ஈரம் வந்தால் பூசணம். ஆகவே டிரம்மை இன்றைக்கே காலி செய்யுங்கள்.

மாடிவெயில், உங்களுக்கு எளிய வழி இருக்கிறது. கெட்டியான பையில் 2 கிலோவாகப் பிரித்து ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். ஃப்ரீசர் நெருக்கமாக இருந்தால் ஒரு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும் வரை விட்டால் வேர்வை பையின் வெளியே நிற்கும், கோதுமை நனையாது. அப்புறம் சாதாரணக் கோதுமைச் சல்லடையில் சலித்தால் போதும்.

நொய்யல்கரை | பிப்ரவரி 24, இரவு 8.50

வெட்டிப் பார்த்தேன். 50 இல் 7. ஒரு கோதுமையில் புழு இல்லை, முழு வண்டே மூக்கை மடக்கிக்கொண்டு வெளுத்த நிறத்தில் படுத்திருந்தது. கொஞ்சம் கால் அசைத்தது. அம்மா பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் இதையா அரைச்சுத் தின்னோம்" என்றார்.

டிரம்மைக் காலி செய்துவிட்டேன். சாக்கோடு எடை போட்டு, சாக்கைக் கழித்தால் 48.6 கிலோ.

சபர்மதி | பிப்ரவரி 24, இரவு 11.10

அகமதாபாத்தில் முப்பது வருஷமாக இருக்கிறோம். மணிநகர் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. இங்கே ஏப்ரல், மே வந்தால் எந்த வீட்டு மாடியைப் பார்த்தாலும் கோதுமைதான். ஒரு வருஷத்துக்கு வேண்டியதை அறுவடை முடிந்த கையோடு வாங்கி, சலித்து, கல் பொறுக்கி, விளக்கெண்ணெய் தடவி இரும்புப் பீப்பாயில் கொட்டிவிடுவார்கள். வந்த புதிதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஊரில் துவரம்பருப்புக்குச் செய்வதுதான், அதைக் கோதுமைக்குச் செய்கிறார்கள்.

நாங்கள் 20 கிலோவுக்கு 100 கிராம் எண்ணெய் போடுகிறோம். கையில் எடுத்து, உள்ளங்கை இரண்டையும் சேர்த்துத் தேய்த்து, கோதுமையை அலசுவது மாதிரி அலச வேண்டும். எல்லா மணியிலும் ஒரு மினுமினுப்பு ஏறும், ஆனால் கையில் பிசுபிசுப்பு தங்கக் கூடாது. அரைக்கும்போது வாசனை தெரியாது. ஆனால் ஒன்று, இது நல்ல கோதுமைக்குச் செய்கிற காரியம். வண்டு விழுந்தபிறகு எண்ணெய் தடவினால் தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு சேறாகிவிடும். நொய்யல்கரை, அடுத்த வருஷத்துக்கு நினைவில் வையுங்கள்.

இங்கே சிலர் துணியில் முடிந்த பாதரச மாத்திரையைப் பீப்பாயில் போடுவார்கள். அதை நான் வீட்டுக்குள் விட்டதே இல்லை. பாதரசம் சாப்பாட்டுப் பண்டத்தோடு ஒரே பாத்திரத்தில் இருக்க வேண்டிய பொருள் இல்லை.

பொள்ளாச்சி ரோடு | பிப்ரவரி 25, காலை 7.00

இவ்வளவு கஷ்டம் எதற்கு? குடோனில் போடுகிற மாத்திரை ஒன்று டிரம்மில் போட்டு மூடினால் மூன்று நாளில் எல்லாம் சுத்தம். எங்கள் ஊரில் கிடைக்கிறது.

தானியக்கிடங்கு | பிப்ரவரி 25, காலை 7.25

தயவுசெய்து வேண்டாம். நீங்கள் சொல்வது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு. அந்த விஷத்தை முறிக்க மருந்தே கிடையாது. இந்தியாவில் அதை அரசு நிறுவனங்களும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களும் மட்டும்தான் பயன்படுத்தலாம். குடோனில் போடும்போது மூடி முத்திரை வைத்து, ஆள் இல்லாமல் விட்டு, திறந்தபிறகு வாயு அளந்து பார்த்துத்தான் உள்ளே போவார்கள். வீட்டு டிரம்மின் மூடி அந்த வாயுவைத் தாங்காது. கசிந்து பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தைக்குப் போகும். அப்படிக் குடும்பத்தோடு உயிர் போன செய்திகள் நாட்டில் ஒவ்வொரு வருஷமும் வருகின்றன. உங்களிடம் இப்போதே அது இருந்தால் திறக்காமல், வீட்டுக்குள் வைக்காமல், வாங்கிய இடத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

பொள்ளாச்சி ரோடு | பிப்ரவரி 25, காலை 7.50

இவ்வளவு என்று தெரியாது சார். நன்றி. வீட்டில் ஒரு டப்பா இருந்தது, கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

நொய்யல்கரை | மார்ச் 1, மாலை 6.30

சட்டம் தயார். லேத்துப்பட்டறை அண்ணா சொன்ன அளவுதான். வலை வாங்கும்போது கம்பி கனம் கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறு சுருளை எடுத்து வந்தார். கேட்காமல் இருந்திருந்தால் முதலில் காட்டியதையே தந்திருப்பார்.

சலிப்பது அருமையாக ஆகிறது. 10 கிலோ இறங்க ஏழெட்டு நிமிடம். வலைக்கு அடியில் விரித்த வெள்ளை வேட்டியில் மாவும் வண்டும் கருப்பும் வெள்ளையுமாக விழுகிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து டின்னுக்கு மட்டும் கோதுமை அள்ளிப் போடுகிறார்.

ஃபேன்தான் சொதப்புகிறது. ஃபேனுக்கு முன்னால் முறத்திலிருந்து கோதுமையைக் கொட்டினேன். ஒரு பக்கம் கோதுமையும் சேர்ந்து பறக்கிறது, இன்னொரு பக்கம் உமி அப்படியே கீழே விழுகிறது. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இதே நிலைதான். என்ன தப்பு?

லேத்துப்பட்டறை | மார்ச் 1, இரவு 7.45

வேகத்தில் தப்பில்லை. டேபிள் ஃபேன் காற்றைச் சுழற்றி அடிக்கும். இறக்கையின் நுனியில் வேகமாக இருக்கும், நடுவில் காற்றே இருக்காது. கையை வைத்துப் பாருங்கள், தெரியும். களத்தில் தூற்றும்போது வருகிற காற்று ஒரே சீராக வரும், அதனால்தான் அங்கே பிரிகிறது.

டிவி வந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒன்றை எடுத்து, இரண்டு முனையும் திறந்து, ஃபேனுக்கு முன்னால் கூடு மாதிரி வையுங்கள். கூட்டின் வெளி வாயில் ஒன்றரை அங்குல பி.வி.சி குழாயை ஆறு அங்குலத் துண்டுகளாக வெட்டி, தேன்கூடு மாதிரி அடுக்கி அடையுங்கள். குழாய் இல்லையென்றால் அட்டைச் சுருள் போதும். சுழற்சி நின்று காற்று நேராக வரும்.

அடுத்தது, முறத்திலிருந்து கொட்டாதீர்கள். சல்லடையின் கீழ் முனையிலிருந்து இறங்குகிற கோதுமையே மெல்லிய திரையாக வருகிறது இல்லையா? அந்தத் திரையைக் காற்று குறுக்கே வெட்ட வேண்டும். சல்லடை முனைக்கும் தரைக்கும் 3 அடி உயரம் கொடுங்கள். முழுக் கோதுமையை அந்தரத்தில் நிறுத்தி வைக்க விநாடிக்கு 7, 8 மீட்டர் வேகக் காற்று வேண்டும். உமிக்கும் சருகுக்கும் அதில் பாதிகூட வேண்டாம். உங்கள் ஃபேன் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும், தைரியமாக முழு வேகம் வைக்கலாம்.

கீழே ஒரே தார்பாயாக விரிக்காமல் குறுக்கே இரண்டு பலகை நிறுத்துங்கள். ஃபேனுக்குப் பக்கத்தில் கல்லும் மண்கட்டியும், நடுவில் நல்ல கோதுமை, தள்ளி வண்டு தின்ற சொத்தை. பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எங்கே பிரிகிறது என்று பிடித்துவிட்டால் அப்புறம் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. பழைய ஸ்பீக்கர் இருந்தால் அதன் காந்தத்தை டின் வாயில் ஒட்டுங்கள். சாக்கு தைக்கிற கம்பி, டிராக்டர் ஆணி, இரும்புத்தூள் எல்லாம் அதில் நிற்கும். மில்களில் கல்லுக்கு முன்னால் காந்தம் வைப்பது இதற்குத்தான்.

கொங்கு அடுப்படி | மார்ச் 1, இரவு 8.20

மூக்கில் துணி கட்டிக்கொண்டு நில்லுங்கள். வண்டு விழுந்த கோதுமையின் தூசி சாதாரணத் தூசி இல்லை. எனக்கு வீசிங் வந்ததே அதில்தான். இப்போது நல்ல மாஸ்க் போடாமல் கோதுமைப் பக்கம் போவதே இல்லை. அம்மாவைக் காற்று வருகிற பக்கம் உட்கார வையுங்கள், போகிற பக்கம் வேண்டாம்.

மாடிவெயில் | மார்ச் 2, மதியம் 1.15

ஃப்ரீசர் வேலை முடிந்தது, சலித்தும் ஆயிற்று. வண்டு ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் வேறு ஒரு சந்தேகம். சில கோதுமையில் ஒரு முனை மட்டும் கருப்பாக, நசுக்கினால் கரிப்பொடி மாதிரி வருகிறது. கையில் லேசாக மீன் வாடை. வண்டு செத்த வாடையா?

தானியக்கிடங்கு | மார்ச் 2, மதியம் 2.40

இல்லை, அது வயலிலேயே வந்த நோய். கர்னால் பன்ட் என்று பெயர். ஹரியானாவில் உள்ள கர்னாலில் 1931 இல் முதலில் பதிவானது, அதனால் அந்தப் பெயர். ஒரு பூஞ்சை, மீன் வாடை அதனுடையது. நஞ்சு என்று பயப்பட வேண்டாம், ஆனால் 100 மணிக்கு மூன்றுக்கு மேல் இருந்தால் மாவு முழுக்க வாடை ஏறி, சப்பாத்தி வாயில் வைக்க முடியாது. அந்த மணிகள் எடை குறைவு. 8 கிலோதானே, தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மிதக்கும். மேலே வருவதை அள்ளி எறிந்துவிட்டு, மற்றதை அரித்து, துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் நன்றாகக் காய வைத்து உடனே அரைத்துவிடுங்கள். கழுவிய கோதுமையைத் திரும்பச் சேமித்து வைக்கக் கூடாது.

நொய்யல்கரை | மார்ச் 9, இரவு 9.30

முடித்துவிட்டேன். அட்டைக்கூடு, குழாய்த் துண்டு வைத்தபிறகு நடந்ததை எழுதியே ஆக வேண்டும். சாயங்கால வெயில் திரைக்குப் பின்னால் இருந்தது. கோதுமை பொன் நூல் மாதிரி நேராக இறங்க, அதிலிருந்து உமி மட்டும் விலகி, சாம்பல் நிறப் புகையாகத் தள்ளிப் போனது. சொத்தை மணிகள் பாதி வழியில் தயங்கி, இரண்டாவது பலகையைத் தாண்டி விழுந்தன. அம்மா எழுந்து வந்து, சொத்தைக் குவியலில் கைவிட்டு அள்ளிப் பார்த்து, "கை படாமலே புடைச்சிருச்சு" என்றார். 60 வருஷமாக முறம் பிடித்தவர் அப்படிச் சொன்னதில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கணக்கு இதுதான். 48.6 கிலோவில் நல்ல கோதுமை 45.1. சொத்தையும் நொறுங்கலும் 1.9. மாவு, உமி, வண்டு எல்லாம் சேர்ந்து 0.9. கல், மண்கட்டி 200 கிராம். மீதி அரைக் கிலோ சிந்தியது. காந்தத்தில் இரண்டு கம்பித் துண்டு, ஒரு நட்டு. அந்த நட்டு மில் கல்லுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. கொங்கு அக்கா சொன்ன கொழிக்கிற வேலையை நடுக் குவியலில் மட்டும் செய்தோம். கோதுமை அளவிலேயே இருந்த கல் காற்றில் பிரியவில்லை, கையால்தான் பொறுக்கினோம். சொத்தை மொத்தமும் பக்கத்துத் தோட்டத்துக் கோழிகளுக்கு அன்றைக்கே போய்விட்டது.

அப்புறம் வெயில். 30 கிலோவை மட்டும் காய வைத்தேன். மீதி 15.1 கிலோவை வித்தியாசம் பார்ப்பதற்காகக் காய வைக்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கருப்புத் தார்பாயில் ஒரு விரல் கனம், மேலே கண்ணாடி மாதிரி இருக்கிற பாலிதீன் ஷீட். சமையல் தெர்மாமீட்டரைக் கோதுமைக்குள் செருகினேன். ஷீட் இல்லாமல் மதியம் 51 டிகிரி, ஷீட் போட்டபிறகு 58. காலை 11 முதல் 3 வரை, இரண்டு நாள். போதுமா சார்?

தானியக்கிடங்கு | மார்ச் 9, இரவு 10.05

அரைக்கிற கோதுமைக்குத் தாராளம். 50ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கிற புழுவும் தாங்காது. விதைக்கோ முளைகட்டவோ வைத்திருந்தால் இந்தச் சூடு ஆகாது, முளைப்பு கெடும். அதற்கு ஷீட் போடாதீர்கள்.

சூட்டோடு டிரம்மில் கொட்டாதீர்கள், உள்ளே வேர்க்கும். பனி இறங்குவதற்குள் வீட்டுக்குள் கொண்டுவந்து, மெல்லிய துணி போர்த்தி, ஆறியபிறகு காலையில் கொட்டுங்கள். ஈரம் பார்க்க ஒரு வழி. நன்றாக வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு ஸ்பூன், கோதுமை ஒரு கை, இரண்டையும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். பத்து நிமிடம் கழித்து உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. நமக்கு வேண்டியது 12க்குக் கீழே, அதற்குப் பல்தான் கருவி. கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும்.

லேத்துப்பட்டறை | மார்ச் 10, காலை 6.10

நொய்யல்கரை, இரண்டு டிரம்மிலும் ஆளுக்கொரு பொறி வையுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த குழாய்ப் பொறி இருக்கிறது. வண்டுக்குக் காற்று பிடிக்கும், காற்று இருக்கிற பக்கம் நகரும் என்ற ஒரே விஷயத்தை வைத்துச் செய்தது. விலைக்கும் கிடைக்கும், ஆனால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு அங்குல பி.வி.சி குழாய் ஒன்றரை அடி. மேல் பாதியில் 2 மில்லிமீட்டர் துளை வரிசை வரிசையாகப் போடுங்கள். அடியில் ஒரு சின்னப் பாட்டில். குழாயைக் கோதுமைக்குள் நட்டால் வண்டு துளை வழியே உள்ளே வந்து பாட்டிலில் விழும்.

நான் முதலில் செய்ததில் மாவு வண்டு மாட்டியது, கூன்வண்டு மட்டும் பாட்டில் சுவரில் ஏறித் திரும்பி வந்துவிட்டது. அதனால் பாட்டில் வாயில் சின்னப் புனல் ஒன்றைச் சொருகினேன். விழ வழி உண்டு, ஏறி வர வழி தெரியாமல் நின்றுவிடும். துளை போட்டபிறகு உள்பக்கம் இருக்கிற பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பிசிறு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

நொய்யல்கரை | ஏப்ரல் 7, இரவு 8.15

28 நாள் ஆயிற்று. பொறி இரண்டையும் இன்று எடுத்தேன்.

வெயிலில் காய்ந்த 30 கிலோ: பாட்டிலில் 6 வண்டு. சலித்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை, கையில் மாவு ஒட்டவில்லை.
காயாத 15 கிலோ: பாட்டிலில் 143. எண்ணி எண்ணிக் கண் வலித்தது. சலித்ததில் இன்னும் ஒரு கைப்பிடி.

இரண்டும் ஒரே சல்லடையில், ஒரே ஃபேனில், ஒரே நாளில் சுத்தம் செய்த கோதுமை. 15 கிலோவை இன்றே மறுபடி சலித்துத் தூற்றி, நாளை வெயிலில் போடுகிறேன். 30 கிலோவில் 10 கிலோ மில்லுக்குப் போய் வந்துவிட்டது. மில்காரர் சாக்கில் கைவிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தராசில் வைத்தார்.

சபர்மதி | ஏப்ரல் 7, இரவு 10.40

நல்ல செய்தி. இங்கே புதுக் கோதுமை வர ஆரம்பித்துவிட்டது. மத்தியப் பிரதேசத்துச் செஹோர் பகுதி சர்பதிக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு அந்தப் பெயரில் எல்லாக் கோதுமையும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். இந்த முறை வந்ததும் சாக்கிலேயே விட்டுவைக்காமல், முதல் வாரமே உங்கள் சரிவில் ஒரு ஓட்டம் ஓட்டி, காயவைத்து, ஆறியபிறகு எண்ணெய் தடவிவிடுங்கள். 100 கிலோவுக்கு அரை லிட்டர் எடுத்து வையுங்கள். டிரம்மையும் பழைய தூசி ஒரு துளி இல்லாமல் கழுவி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துவிடுங்கள்.

நொய்யல்கரை | ஏப்ரல் 8, காலை 6.45

சரி அக்கா. மற்ற மூன்று குடும்பமும் நேற்று வந்து சட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மே முதல் வாரம் லோடு வருகிறது, எங்கள் மாடியிலேயே 4 குவிண்டாலையும் இறக்கிச் சலிப்பதாகப் பேச்சு. லேத்துப்பட்டறை அண்ணா, அவ்வளவுக்கு இந்த ஒன்றரை அடி அகலம் போதுமா, இல்லை இரண்டரை அடியில் புதுசாக அடிக்கட்டுமா?

லேத்துப்பட்டறை | ஏப்ரல் 8, காலை 7.10

அகலத்தைக் கூட்டாதீர்கள். ஃபேன் காற்று அவ்வளவு அகலத்துக்குச் சீராக வராது. இதே அளவில் இன்னொன்று அடித்து, இன்னொரு ஃபேன் வையுங்கள். மே முதல் வாரம் என்றால் நானும் ஒரு எட்டு வந்துவிடுகிறேன், பலகை வைக்கிற இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.